உப்புமலை அரக்கனின் எட்டாம் பதிப்பு

மகளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கடைக்குப் போகக் கால்மணி, எடுக்க ஐந்து நிமிடம், திரும்பி வரக் கால்மணி. கமாவுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்னும் கொடுத்தபாடில்லை.

கமா அவருடைய பெயர் இல்லை; அச்சகத்தில் ஒட்டிக்கொண்டது. மெய்ப்புத் திருத்துவது வேலை. சேர்ந்த புதிதில் அவரை உரக்கப் படிக்கத்தான் வைத்தார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் படிக்க, இன்னொருவர் அச்சான தாளில் ஒப்பிட்டுப் பார்ப்பார். வார்த்தையை மட்டும் படித்தால் போதாது, புள்ளி, கமா, மேற்கோள் என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மழை வந்தது கமா குடை இல்லை முற்றுப்புள்ளி." இப்படி ஆறு வருடம் படித்தவர், ஒரு பிரிவு உபசார விழாவில் வாழ்த்து மடலை வாசிக்கச் சொன்னபோது அதையும் இப்படியே வாசித்துத் தொலைத்தார். அன்று முதல் முதலாளியிலிருந்து மிஷின்காரர் வரை எல்லாருக்கும் அவர் கமாதான்.

இப்போது இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. கடைசி மெய்ப்பின் ஓரத்தில் அவர் பச்சை மையில் "சரி. அச்சிடலாம்." என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு தாளும் மிஷினுக்குள் போகாது. வெளியே பஸ்ஸில் கண்டக்டர்கூட மதிக்காத மனிதருக்கு உள்ளே அப்படி ஒரு ராஜாங்கம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒன்பது வயதில் அவர் படித்து, படித்து, அட்டை கழன்று போகும்வரை படித்த புத்தகம் 'உப்புமலை அரக்கன்'. அதை மகள் முதன்முதலாக அவர் குரலில் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் காட்சியை மனதுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். மகள் தோளில் சாய்ந்திருப்பாள், கடைசி அத்தியாயம் வரும், இருவர் கண்ணும் கலங்கும். மகளுக்கு எந்த இடத்தில் கலங்க வேண்டும் என்பதுவரை தீர்மானித்து வைத்திருந்தார்.

கதை இதுதான். மலை உச்சியில் ஓர் அரக்கன். அவனுக்கு நிழல் கிடையாது. அந்தப் பொறாமையில் ஊரார் நிழல்களை எல்லாம் திருடி ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறான். உப்பளத்தில் வேலை செய்பவரின் மகள், பத்து வயதுகூட ஆகாதவள், மலையேறிப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். அரக்கன் துரத்துகிறான். அவள் கயிற்றுப் பாலத்தை அறுத்துவிடுகிறாள். அவன் கீழே பாறையில் விழுந்து, கால் முறிந்து, ரத்தம் வழிய அவளைக் கூப்பிடுகிறான். அதோடு பதினோராம் அத்தியாயம் முடிகிறது. பன்னிரண்டாவதில் வரும் அந்த வரி, "அவள் திரும்பிப் பார்க்கவில்லை." கமா ஒன்பது வயதில் அந்த வரியில் தேம்பித் தேம்பி அழுதார். விடியும்போது அரக்கன் உப்புப் பாறையாகிவிடுவான், ஊருக்கு நிழல்கள் திரும்பிவிடும்.

நல்ல கதைதான். எந்தப் பதிப்பைக் கொடுப்பது என்பதில்தான் வண்டி நின்றது.

முதலில் வாங்கியது ஒரு சுருக்கப் பதிப்பு. அரக்கன் தனியாக உட்கார்ந்து பெட்டிக்குள் இருக்கும் நிழல்களோடு பேசும் இடத்தையே வெட்டி எறிந்திருந்தார்கள். தூக்கி வைத்துவிட்டார். அடுத்து முழுப் பதிப்பு வாங்கினார், எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். பிறகு வண்ணப் படப் பதிப்பு. அதில் அரக்கன் உடற்பயிற்சிக் கூடத்து விளம்பரத்தில் நிற்பவன் மாதிரி இருந்தான். இன்னொன்றில் ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்னாலும் "இதிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?" என்று கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கான எளிய நடை என்று ஒன்று வந்தது. அதில் அரக்கன் சிறுமியைப் பார்த்து "ஹாய்" என்றான். கமா அதோடு அதை மூடினார்.

குறிப்புரைப் பதிப்பு ஒன்றும் உண்டு. முதல் பக்கத்தில் கதை மூன்று வரி, மீதியெல்லாம் உப்பு எப்படி உண்டாகிறது என்ற விளக்கம். உண்மையைச் சொன்னால் கமாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் படித்து, ஒன்பது பிழைகளைக் கண்டுபிடித்துப் பதிப்பாளருக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை.

ஏழாவதுதான் புதையல். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அவர் சிறுவயதில் படித்த அதே பதிப்பு, அதே கோட்டோவியங்கள். யாரோ ஒரு பிள்ளை அரக்கனின் மீசைக்கு ஊதா வண்ணம் தீட்டியிருந்தது. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஒட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தார். ஒட்டுவதற்குச் சரியான பசை வேண்டும் என்று நினைத்தார். சரியான பசை எது என்று எட்டு மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஏழும் அலமாரியின் மேல்தட்டில், செய்தித்தாள் சுற்றி, எண் எழுதிய சீட்டு ஒட்டி, ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன.

"பொண்ணுக்குன்னு வாங்குனீங்களா, பேத்திக்குன்னு வாங்குனீங்களா?" என்று கேட்டாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை. நாள் முழுக்க மருத்துவர்களின் கையெழுத்தைப் படிப்பவளுக்கு எழுத்துப்பிழை எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"அவசரப்படுத்தாதே. முதல் வாசிப்புங்கிறது ஒரு தடவைதான்."

"முதல் வாசிப்பைப் பத்தி நீங்க என்கிட்ட பேசாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் எழுதின முதல் லெட்டரை, ஏழு தப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பின ஆளு நீங்க."

"எட்டு," என்றார் கமா. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

இதற்கிடையில் ஒரு நாள் மகள் வந்து, "அப்பா, என் மேஜை ஆடுது," என்றாள். குனிந்து பார்த்தார். ஒரு காலுக்கு அடியில் முன்பு எதையோ முட்டுக் கொடுத்த ஞாபகம் இருந்தது, அது அங்கே இல்லை. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துச் செருகிவிட்டு எழுந்தார். அவர் மனசெல்லாம் பசையில் இருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரம், திங்கட்கிழமை மாலை, மகள் ஒரு தாளை நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை காலைல நீ எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு வரணும்பா. வாசிப்பு நேரம். வாரம் ஒருத்தரோட அப்பாவோ அம்மாவோ வந்து படிப்பாங்க."

"என்ன புத்தகம்?"

"உப்புமலை அரக்கன். கடைசி அத்தியாயம் மட்டும் போதும்."

"மத்த பதினொண்ணு?"

"அதை நானே கிளாஸ்ல சொல்லிட்டேன்."

கமாவின் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்த முதல் வாசிப்பு, இவருக்குத் தகவல்கூட இல்லாமல் நடந்து முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன கேட்க வேண்டும்? பிடிச்சுதா என்று கேட்கலாம். அழுதியா என்று கேட்கலாம்.

"எந்தப் பதிப்பு?" என்றார் கமா.

"வீட்ல இருந்ததுதான்."

"நீயே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"முடிவுல ஒரு சண்டைப்பா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எங்கப்பா புத்தகத்துல இருக்கிற தப்பையே கண்டுபிடிக்கிறவரு, அவர் வந்து படிச்சா அதுதான் சரின்னு சொல்லிட்டேன்."

என்ன சண்டை என்று கேட்டிருந்தால் பிற்பாடு பட்ட பாடு பட்டிருக்க வேண்டாம். ஆனால் "அவர் படிச்சா அதுதான் சரி" என்ற வார்த்தையிலேயே மனிதர் பூரித்துப் போய்விட்டார். காது அடைத்துக்கொண்டது.

அவள் தூங்கப் போன பிறகு ஏழு பொட்டலங்களையும் இறக்கிப் பார்த்தார். செய்தித்தாள் மடிப்பு ஒன்றும் கலையவில்லை. அப்படியானால் 'வீட்ல' என்று அவள் சொன்னது யாராவது தோழி வீடாகத்தான் இருக்கும், அதுவும் சுருக்கப் பதிப்பாகத்தான் இருக்கும். நாலு நாளும் அச்சகத்தில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அரைநாள் விடுப்பு. இஸ்திரி போட்ட சட்டையோடு, ஏழாம் பதிப்பைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"அப்பா, புத்தகம் நான் எடுத்து வச்சிருக்கேன்."

"வேண்டாம்மா, நான் எடுத்துட்டேன்."

"அது வேணாம்பா. இது…"

"பதிப்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்? அப்பா ரெண்டு வருஷமா இதே வேலையா இருக்கேன்ல?"

மகள் எதையோ பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

பள்ளி நூலகம் ஒரு வகுப்பறையைப் பாதியாகத் தடுத்து உண்டாக்கியது. பாயில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். கமாவுக்குக் கொடுத்தது பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. உட்கார்ந்ததும் முழங்கால் முகவாய்க்கு வந்தது. நூலக ஆசிரியை, "இவர் புத்தகங்கள்ல பிழை இல்லாம பாத்துக்கிற வேலை செய்றவர்," என்று அறிமுகப்படுத்தினார். கமா ஏழாம் பதிப்பின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். இத்தனை வருடம் கழித்து ஒரு கூட்டத்துக்கு முன்னால் உரக்கப் படிக்கிறார். நாக்கு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

"பாலம் அறுந்து விழுந்த சத்தம் கமா மலை முழுவதும் கேட்டது முற்றுப்புள்ளி."

பாய் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிறுத்த முயன்றார், நாக்கு கேட்கவில்லை. "அரக்கன் பாறைமேல் கிடந்தான் முற்றுப்புள்ளி. காலிலிருந்து ரத்தம் வழிந்தது முற்றுப்புள்ளி." மூன்றாவது முற்றுப்புள்ளியைப் பிள்ளைகளே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வரி அந்த வரி. மூச்சை இழுத்துக்கொண்டார். அதற்குள் முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி எழுந்து நின்றாள்.

"அங்கிள், அவன் செத்துடுவான்தானே? எங்க வீட்டுப் புத்தகத்துல செத்துடுறான். இவ பொய் சொல்றா அங்கிள். அந்தப் பொண்ணு திரும்பிப் போய் அவனுக்குக் கட்டுப் போட்டுக் காப்பாத்துறாளாம்!"

பிள்ளைகள் எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். கமாவும் பார்த்தார். சுவர் ஓரமாக அவருடைய மகள் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தின் அட்டையில் வட்டமாக ஒரு பள்ளம். மேஜைக் கால் அளவு பள்ளம்.

கமாவுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது.

போன வருடம் அவருடைய அச்சகமே உப்புமலை அரக்கனை ஒரு பதிப்பாளருக்காகப் படமில்லாத மலிவுப் பதிப்பாக அச்சிட்டது. அதே வாரம், அதே அளவில், ஒரு முதலுதவிக் கையேடும் ஓடியது. ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதை ஃபாரம் என்பார்கள். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். பைண்டிங்கில் இரண்டு புத்தகத்தின் பன்னிரண்டாம் ஃபாரமும் இடம் மாறிவிட்டது. நாற்பது பிரதி தைத்த பிறகுதான் பார்த்தார்கள். நல்லவேளை, வெளியே போகவில்லை. கால் முறிந்து கிடக்கிறவருக்கு உதவக் கையேட்டைத் திறக்கும் ஒருவர், அதில் "அவள் திரும்பிப் பார்க்கவில்லை" என்று படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! எல்லாவற்றையும் கழிவுக்குத் தள்ளினார்கள். ஒரே ஒரு பிரதியைக் கமா வீட்டுக்குக் கொண்டு வந்தார், மகளின் மேஜைக்கு முட்டுக் கொடுக்க.

அரக்கன் ரத்தம் வழியக் கூப்பிடுகிறான், பக்கத்தைத் திருப்பினால், "முதலில் பதறாதீர்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காயம்பட்டவரைத் தனியே விடாதீர்கள். அவரோடு பேசிக்கொண்டே இருங்கள்." மகள் படித்த முடிவு இதுதான்.

கமா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "அவள் திரும்பிப் பார்க்கவில்லை." அச்சில் இருக்கிறது, அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. அதைப் படித்தால் அவர் வேலைக்குத் துரோகமில்லை. ஆனால் மகள் இருபத்தேழு பேர் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாள். அவள் கெஞ்சுகிற மாதிரி பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. அவளோ சேர வேண்டிய இடத்தில் விஷயத்தைச் சேர்த்துவிட்டவள் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

புத்தகத்தைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், முன்வரிசைக்குத் தெரியாதபடி.

"அவள்," என்று ஆரம்பித்தார். "அவள் திரும்பிப் பார்த்தாள் முற்றுப்புள்ளி."

அச்சில் இல்லாத ஒன்றை இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுப் படித்தார். காது இரண்டும் சுட்டது. பின்னல்காரி கண்ணைச் சுருக்கினாள். ஆனால் முற்றுப்புள்ளி வைத்துப் பொய் சொல்கிறவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அவள் பதறவில்லை முற்றுப்புள்ளி. பாவாடை ஓரத்தைக் கிழித்து கமா காயத்தின்மேல் வைத்து கமா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள் முற்றுப்புள்ளி." அந்தக் கையேடு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்று மெய்ப்பு பார்த்தவர். அதை எழுதிய மருத்துவரோடு ஓர் அரைப்புள்ளிக்காக அரை நாள் மல்லுக்கு நின்றவர். "அவனைத் தனியே விடவில்லை அரைப்புள்ளி அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள் முற்றுப்புள்ளி. முறிந்த காலை அசைக்காமல் கமா இரண்டு பக்கமும் குச்சி வைத்துக் கட்டினாள் முற்றுப்புள்ளி."

பின்னல்காரி உட்கார்ந்துவிட்டாள்.

கமாவுக்குக் குஷி வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போனவர் அப்படியே நின்றார். கையேட்டில் அடுத்த வரி, "உடனே ஆம்புலன்சை அழையுங்கள்." உப்புமலைக்கு ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும்? விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே அரக்கன் உப்புப் பாறையாகிக்கொண்டிருந்தான். பின்னுக்குத் திருப்பினார். இருமினார்.

"நிழல்கள்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னம்மா?"

"பெட்டியைத் திறந்துடுவா. உள்ளே இருந்த நிழல் எல்லாம் சேர்ந்து அவனைத் தூக்கிட்டுப் போகும்."

"ஆமாம், ஆமாம். அடுத்த வரி அதுதான். கண்ணாடி மாத்தணும் எனக்கு." கமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அவள் பெட்டியைத் திறந்தாள் முற்றுப்புள்ளி. ஊர் நிழல்கள் எல்லாம் வெளியே வந்தன கமா அரக்கனைச் சுற்றி நின்றன கமா மெதுவாகத் தூக்கின முற்றுப்புள்ளி. அவனைச் சுமந்துகொண்டு மலையிறங்கும்போது பொழுது விடிந்தது முற்றுப்புள்ளி. அப்போது தரையில், அவனுக்குக் கீழே, முதல்முறையாக அரக்கனுக்கும் ஒரு நிழல் விழுந்தது…"

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. ஏழு பதிப்பிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. நிறுத்தக்குறிகளைச் சொல்லவே மறந்துவிட்டார்.

"முற்றுப்புள்ளி!" என்று இருபத்தெட்டுப் பேரும் கத்தினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் பின்னல்காரி கேட்டாள், "அப்ப எங்க வீட்டுப் புத்தகம் தப்பா அங்கிள்?"

"அது சுருக்கப் பதிப்பும்மா," என்றார் கமா. "அதுல நிறைய வெட்டிடுவாங்க." இரண்டு வருட ஆராய்ச்சி கடைசியில் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயன்பட்டது.

மகள் கேட்வரை வழியனுப்ப வந்தாள்.

"அப்பா, நீ படிச்சது உன் புத்தகத்துல இல்லையே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஏழையும் படிச்சுட்டேன்பா. லீவுல, நீ வேலைக்குப் போனப்புறம். படிச்சுட்டு மடிப்பு மாறாம சுத்தி வச்சிடுவேன்." அவள் விரல் விட்டு எண்ணவில்லை, சும்மா சொன்னாள். "ஏழுலயும் அவன் செத்துப் போறான். மீசைக்குக் கலர் அடிச்சதுல கூட."

"அப்ப இது பைண்டிங் தப்புன்னு…"

"தெரியும். பக்கத்துக்கு மேலேயே முதலுதவிக் கையேடுன்னு போட்டிருக்கே. ஆனா எனக்கு இதான் பிடிச்சுது. அதான் எடுத்துக்கிட்டேன்."

எட்டுப் பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு விடுமுறை போதுமானதாக இருந்திருக்கிறது. கமாவுக்குப் பெருமையாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"முதல் தடவை நான்தான் உனக்குப் படிச்சுக் காட்டணும்னு இருந்தேன்," என்றார்.

"இன்னிக்கு நீ படிச்சதுதான்பா முதல் தடவை. அந்த நிழல் விழுந்தது எதுலயும் இல்லையே."

மகள் பள்ளம் விழுந்த புத்தகத்தை நீட்டினாள். "கையெழுத்துப் போடு. பச்சைல."

பேனா எப்போதும் சட்டைப் பையில்தான். கேட் தூணில் புத்தகத்தை வைத்து இடம் மாறிய ஃபாரம் தொடங்கும் நூற்று எழுபத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். பழக்க தோஷம், கண் வரிகளில் ஓடியது. மூன்றாவது வரியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. மூன்று தடவை பார்த்த மெய்ப்பு! முதலாளிக்குத் தெரிந்தால் மானம் போகும். பேனாவைக் கொண்டு போனவர் கையை நிறுத்திக் குனிந்து பார்த்தார். அந்த இடத்தில் ஏற்கனவே யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு கமாவைச் செருகி, ஓரத்தில் அவர் போடுகிற மாதிரியே ஒரு கோடும் இழுத்திருந்தார்கள்.

மகள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோட்டுக்குக் கீழே, தேதி போட்டு, கமா எழுதினார்: "சரி. அச்சிடலாம்."